ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பெண் ஆரம்பத்திலேயே அப்படித்தான் சொல்லியிருந்தாள், கொஞ்சம்கூட நம்பவில்லை என்றால் ஒன்று, முழுக்க நம்பினால் ஐந்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஆறுமுகநயினாரும் இதுவரை மளமளவென்று ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவர்தான். ஏஐ என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா, கேள்விப்பட்டிருக்கிறேன். அது உங்கள் வேலைக்கு உதவும் என்று நம்புகிறீர்களா, ஒன்று. அது எடுக்கிற முடிவு நியாயமாக இருக்குமா, ஒன்று. இப்போது அவள் மடியில் வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்து அடுத்ததைப் படித்தாள்: "ஓட்டுநர் கண் அயர்ந்துவிட்டார் என்று இந்தக் கருவி எச்சரித்தால், அது சொல்வது உண்மை என்று எந்த அளவுக்கு நம்புவீர்கள்?" இதற்கும் ஒன்றுதான். வாயைத் திறந்தாயிற்று. எண் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, இதைக் கொட்டாவி என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து சட்டென்று மூடிக்கொண்டார்.

"யோசிச்சே சொல்லுங்க அண்ணாச்சி, அவசரமில்ல. உங்க பேரு எங்கயும் வராது," என்றாள் பெனிட்டா.

பேர் வராதாம். பேரா இப்போது பிரச்சினை. பஸ் கம்பெனி ஷெட்டில், டிரைவர் கண்டக்டர்கள் கால் நீட்டும் இந்த அறையில், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதியத்திலிருந்து ஒவ்வோர் ஆளாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. மனுசங்க ஏஐயை எவ்வளவு நம்புறாங்கன்னு அளந்து பாக்கிறோம் அண்ணாச்சி என்று வந்ததுமே விளக்கம் சொன்னாள். அளக்கிறதாம்! நம்பிக்கை என்ன ஜாக்கெட் துணியா, முழம் போட்டுக் கிழித்துக் கொடுக்க. ஆனாலும் நல்ல பிள்ளை, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் அண்ணாச்சி என்கிறாள், இவளைப் போய் ஏமாற்ற வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அவள் வந்ததிலிருந்தே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஏமாற்றுவது என்றால், காலையில் டீக்கடையில் செல்லையா பேசி முடித்துவிட்டார். செல்லையா சீனியர் டிரைவர், அவர் வாயைத் திறந்தால் ஷெட்டே கேட்கும். "எல்லாவனும் ஒன்னுன்னு சொல்லிரணும், கேட்டியா? ஒருத்தன்கூட ரெண்டுன்னு சொல்லப்பிடாது. அப்பதான் இந்த மாமியாளை முதலாளி கழட்டுவாரு." மாமியாள் என்றால் கேமரா. ஸ்டியரிங்குக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும், இமை கொஞ்சம் தாழ்ந்தால் கீய் கீயென்று கத்தும், கத்தியதை முதலாளிக்கும் அனுப்பும். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது. அந்தப் பெயரை முதலில் வைத்ததே நயினார்தான், எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்றால் அவருடைய கண்ணுக்கும் கேமராவுக்கும் முதல் நாளே தகராறு.

கண்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பிறவியிலேயே இடுங்கிய கண், இமை பாதி இறங்கியே இருக்கும், அப்பாவுக்கும் அப்படித்தான், சின்ன அத்தைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சாக்பீஸை விட்டெறிந்து எழுந்து நில்லு தூங்குமூஞ்சி என்பார், எழுந்து நின்று விடையைச் சொன்னாலும் அடி விழும், தூங்கிக்கொண்டே எப்படிலே சொன்னே என்று அதற்கு இன்னோர் அடி. கல்யாணப் போட்டோவில் ஒன்றில்கூட மாப்பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. செண்பகத்தின் சித்திமார்கள், மாப்பிள்ளையை எழுப்புங்கடி தாலி கட்டணும் என்று கேலி செய்தார்கள், செண்பகமும் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கோபம் வரவில்லை அவருக்கு, அதுதான் ஆச்சரியம். லைசென்ஸ் எடுக்கப் போனபோது கேமராக்காரன் கண்ணைத் திறங்க சார் என்றான். திறந்துதான் தம்பி இருக்கு. இன்னும் திறங்க. இதுக்கு மேல திறந்தா வெளிய விழுந்துரும். இப்படி வாழ்நாள் முழுக்க விழித்துக்கொண்டே தூங்கியவன் என்று பெயர் வாங்கிய மனுசன், எவ்வளவு எரிச்சலாக இருக்கும். இந்தக் கண்ணால்தான் மாமியாள் வந்த முதல் நாள் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே, சாவியைக்கூடத் திருகவில்லை, அது கத்தியது. ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நயினாரும் சிரித்தார். இன்றைக்கும் டீக்கடையில் அந்தக் கதையை அவர்தான் சொல்கிறார், கையைக் காலை ஆட்டி நன்றாகச் சொல்வார், கேட்கிறவன் டீயைத் துப்பிவிடுவான். இப்படிப்பட்ட கருவியை எவன் நம்புவான், ஒன்று என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அஞ்சேகால் தென்காசி வண்டியை எடுக்க வேண்டும். இந்த நேரத்துக்குப் பேருந்து நிலையத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும், வேலை முடிந்த பெண்கள், டியூட்டி மாறும் நர்ஸுகள், பை தூக்கிய பிள்ளைகள், படியில் தொங்குகிறவர்கள். ஒன்று என்று சொன்னால் எடுக்கலாம். வேறு எதையாவது சொன்னால்?

அதுதான் முள். இது மற்றக் கேள்விகளைப் போல இல்லை. அது சொன்னது உண்மை என்று நம்பினால், அவர் அந்த வண்டியைத் தொடக் கூடாது. தொடாவிட்டால் அவர் யார்? நாற்பத்தாறு வயதில், ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கை. கிளீனராக ஏறி, டிரைவராக உட்கார்ந்து, நயினார் வண்டி என்று பெயர் எடுத்து, அந்த வண்டிக்காகவே காத்து நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவரு பிரேக் போட்டா மடியில இருக்க பிள்ளை முழிக்காது என்று ஒரு கிழவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதெல்லாம் ஒரு நாளில் போய்விடும். ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆக, ஒன்று. ஆனால் முதல் நாள் கதையை அவர் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறார், அதை இந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா, செல்லையாவிடமே சொன்னதில்லை. மறுநாள் கேமரா மாட்டுகிற பையன் வந்து, நயினாரை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லித் திறக்கச் சொல்லி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி, லேப்டாப்பில் எதையோ தட்டி, உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணியாச்சு சார், இனிமே சும்மா கத்தாது என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்ன மாதிரியே அது கத்தவில்லை. மாதக்கணக்கில் கத்தவில்லை. உலகத்திலேயே அவருடைய கண்ணைப் பார்த்து, இது தூக்கம் இல்லை, இது இந்த ஆளின் கண் என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை, அது ஒப்புக்கொண்டது. இதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நினைத்தாயிற்று. இனி அந்த மத்தியானமும் வரும், வந்துவிட்டது. சாப்பிட்டு எடுத்த ட்ரிப். புளிக்குழம்பும் அப்பளமும், வயிறு நிறையக்கூட இல்லை. கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது, ஹாரன் அடித்து ஒதுங்கச் செய்து முந்தினார், வைக்கோல் ஜன்னலில் உரசியது, யாரோ தும்மினார்கள், அவ்வளவும் தெளிவாக இருக்கிறது. அப்புறம் கீய் கீயென்று அந்தச் சத்தம், கண்ணுக்கு நேரே கல்யாண மண்டபத்தின் வெள்ளைச் சுவர், கொஞ்சம் அதிகமாகவே நேரே. ஸ்டியரிங்கை ஒடித்தார். அவ்வளவுதான், வண்டி ரோட்டில்தான் இருந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் டிராக்டருக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்ளைக்கோடு போட்ட வேகத்தடை. செகண்ட் கியருக்கு வந்து, முன் சக்கரம் ஏறி இறங்கி, பின் சக்கரம் ஏறி இறங்கி, கடைசி சீட்டில் இருப்பவன் முனகி, அதற்கப்புறம்தான் மண்டபம். அந்தக் குலுக்கல் எங்கே? தேடித் தேடிப் பார்த்தாயிற்று. ஞாபகம் வருகிறது, வராமல் இல்லை, இதோ வெள்ளைக்கோடு, இதோ கேட் பக்கத்தில் ஐஸ் வண்டி, ஆனால் அது அன்றைக்கு உள்ளதா, முந்தின நாளா, போன மாதமா? தினமும் போகவும் வரவும் கடக்கிற இடம். ஒரே மாதிரியான குலுக்கல் ஆயிரம் கிடக்கிற சாக்கில் கையைவிட்டு இதுதான் அன்றையது என்று எதை எடுக்க முடியும்.

ஒரு வழி இருக்கிறது. வேகத்தில் ஏறியிருந்தால் எல்லோரும் எகிறியிருப்பார்கள், கத்தியிருப்பார்கள், ஏய் டிரைவர் என்று குலம் கோத்திரமெல்லாம் இழுத்திருப்பார்கள். ஒருவரும் கத்தவில்லை. ஆகவே வேகத்தைக் குறைத்திருக்கிறார். ஆகவே கியர் மாற்றியிருக்கிறார். ஆகவே விழித்திருந்தார். கணக்கு வாத்தியாரே தப்புச் சொல்ல முடியாத கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் இத்தனை நாள் சமாளித்தார், ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் மனசு லேசாகும், லேசானதும் செண்பகத்தின் குரல் கேட்கும். அது எதற்கு இங்கே வருகிறது? வந்தது. "ராத்திரி முழுக்க கியர் போடுதிய. போர்வையை இழுத்து இழுத்துக் கியர் போடுதிய, காலை வேற அமுக்குதிய." கேலியாகத்தான் சொல்வாள். பிள்ளைகளும் சிரிப்பார்கள். அப்பா தூங்கும்போதும் டூட்டி பாக்காரு. ஆக, தூங்குகிற கைக்கும் கியர் தெரியும். தூங்குகிற காலுக்கும் பிரேக் தெரியும். அன்றைக்கு அந்த வெள்ளைக்கோட்டில் வண்டியை இறக்கியது யார்? செண்பகம் இன்னொன்றும் சொல்வாள், அதைக் கேலியாகச் சொல்ல மாட்டாள், சமையல்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வாள். "குறட்டை விடுதப்பவே சட்டுனு நிக்கி. மூச்சே காணும். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. உலுக்கினாதான் திரும்ப வருது. ஒரு நாளைக்கு நான் அசந்து தூங்கிட்டா என்ன செய்ய?" டாக்டரைப் பார்ப்போம் என்பாள். பார்ப்போம் என்பார். காலையில் எழுந்திருக்கும்போது மூட்டை தூக்கினவன் மாதிரி உடம்பு வலிக்கும், வயசு என்று சொல்லிக்கொள்வார். தூங்கினவனுக்குத் தான் தூங்கியது எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், முதுகைக்கூடக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடலாம், தன் கண் மூடியதை மட்டும் தான் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருத்தர்தான் வேண்டும். பாவம் செண்பகம், தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தண்ணி குடிக்கியளா அண்ணாச்சி?" என்றாள் பெனிட்டா. அவள் கேட்டது வேறு எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. பாட்டிலை வாங்கி இரண்டு மிடறு குடித்தார். செல்லையா பெஞ்சில் படுத்தபடியே, "ஒன்னுன்னு சொல்லுததுக்கு இம்புட்டு யோசனையா வே? முகூர்த்தம் பாக்கீரா?" என்று கேட்க, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள், அண்ணாச்சி அவங்களா சொல்லட்டும் என்று செல்லையாவைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள். இந்த அறையில் யார் என்ன சொன்னாலும் எல்லோர் காதிலும் விழும், இதில் பேர் வராதாம்.

பீர் முகமது இங்கேதான் உட்கார்ந்து பதில் சொன்னார், நயினாருக்கு முன்னால் அவர்தான். இந்தக் கேள்விக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னார். ஒன்னு! இன்னும் சைபர் இருந்தா சைபரே போட்டுக்கோம்மா! சொல்லிவிட்டு நயினாரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், எனக்குத் தெரியும் நீ கவலைப்படாதே என்கிற மாதிரி. பீர் அண்ணன் அவருடைய கண்டக்டர், பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒரே வண்டி. அன்றைக்கும் அவர்தான் ஓடி வந்தார். என்ன ஏது என்று எழுந்த சனங்களிடம், கேமரா ரிப்பேரு, உக்காருங்க உக்காருங்க என்று சொல்லி அடக்கினார், முதலாளி கேட்டதற்கும் அதையே சொன்னார். ஒரு வார்த்தை நயினாரைக் கேட்கவில்லை. தங்கமான மனுசன். அவர் இருந்ததால்தான் இந்த நாட்களைக் கடத்த முடிந்தது. எவ்வளவு பேச்சுக் கொடுக்கிறார் இப்போதெல்லாம்! மச்சினன் ஆட்டுக்குட்டி வாங்கி ஏமாந்தது, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை மீசை வைக்க மாட்டேன் என்றது, எந்தக் கடையில் மட்டன் மிருதுவாக இருக்கிறது, ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவார். பீர் அண்ணனா இது என்று இருக்கும். ஏனென்றால் அவர் பேசா மடந்தை. டிக்கெட்டுக்கே விரலைத்தான் நீட்டுவார், சில்லறை இல்லை என்பதைக்கூடப் புருவத்தால் சொல்வார், வண்டியில் எப்போதும் பின்படிதான் அவர் இடம். இத்தனை வருசமும் பின்படியிலிருந்து வந்ததெல்லாம் விசில் மட்டும்தான். இப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வருகிறார், இன்ஜின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டுக்குட்டிக் கதை சொல்கிறார். வயசானால் சிலபேருக்குப் பேச்சு வந்துவிடும் என்று நயினார் நினைத்திருந்தார். சந்தோசமாகத்தான் இருந்தது.

எங்கே வருகிறார்? இதை ஏன் இதுவரை யோசிக்கவில்லை. மட்டன் கடைப் பேச்சு எங்கே தொடங்கியது? கிரஷர் பக்கத்தில். மீசை? அதுவும் கிரஷர் தாண்டி. நேற்றைக்கு அந்தக் கல்தூசி வாடை மூக்கில் ஏறும்போது, நயினாரு, ஒரு சேதி கேளும் என்று பின்னால் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் குலுங்கும்போது பேசிக்கொண்டிருந்தார். மண்டபம் வந்தது. மண்டபம் தாண்டியதும், மாப்பிள்ளை கடைசியில் மீசை வைத்தானா இல்லையா என்று சொல்லாமலே, சரி டிக்கெட்டைப் பாக்கேன் என்று பின்னால் போய்விட்டார். முந்தாநாளும் அப்படியே. கதை எந்த இடத்தில் இருந்தாலும் மண்டபத்தோடு அறுந்துவிடும். ஒருநாள்கூட அதற்கு முன்னால் போனதில்லை. பேசா மடந்தை, கூட்டத்தில் நசுங்கி, இல்லாத கதையெல்லாம் தேடிப் பிடித்து, தினம் தினம், அந்த ஒரு துண்டு ரோட்டுக்கு மட்டும். வாய் ஒன்று என்கிறது, சைபர் என்கிறது, முதலாளியிடம் ரிப்பேர் என்கிறது, கால் மட்டும் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. கோபம் வந்தது முதலில். தூங்குமூஞ்சி என்று இவருமா? சாக்பீஸ்தான் பாக்கி. சொல்லியிருக்கலாமே, வே நயினாரு நீர் தூங்கிட்டீர்வே என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாமே. சொன்னால் என்ன செய்திருப்பாய்? அந்தக் கேமரா கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லியிருப்பாய். கோபம் இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது, அழுகை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அங்கே வீட்டில் ஒருத்தி, இங்கே வண்டியில் ஒருத்தர், நடுவில் இவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பீர் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டால்? அந்த வெள்ளைக்கோட்டில் ஐஸ் வண்டியைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளை, நல்ல காலம், அவரால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அஞ்சு," என்றார்.

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை அந்த அறையில் அவள் கேட்காத எண். "அஞ்சுன்னா முழுசா நம்புதேன்னு அர்த்தம் அண்ணாச்சி. சரிதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சரிதாம்மா. அஞ்சுதான்."

செல்லையா பெஞ்சிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "என்னவே சொல்லுதீரு? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். செல்லையாவுக்குச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடிப்பது. இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு அண்ணாச்சி என்று அந்தப் பிள்ளை தயங்கினாள். மன்னிச்சிரும்மா, வண்டி நேரமாச்சு என்று நயினார் எழுந்தார். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. இதைப் பீர் அண்ணனிடம் சொல்லப் போகிறோமா இல்லை வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிடப் போகிறோமா என்று வாசலைத் தாண்டும்வரை அவருக்கே நிச்சயமில்லை, எண்ணைச் சொல்வது சுலபம், அதுவரை அது எண்தானே. ஏறிவிடலாம். பீர் அண்ணன் ஆட்டுக்குட்டிக் கதை சொல்வார், இன்றைக்கும் ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஆகாது.

பீர் முகமது தோளில் பையோடு முன்படி பக்கத்தில் நின்றிருந்தார். நயினார் போய், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். சாவியை இன்னொருவர் கையில் வைப்பது அவருக்குப் பழக்கமில்லை, விரல் உடனே விடவில்லை.

"பீர் அண்ணே, இன்னைக்கு நான் எடுக்கல. வேற ஆள எடுக்கச் சொல்லும்."

பீர் முகமது சாவியைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். வீட்டில் ஏதும் விசேசமா என்று கேட்டிருக்கலாம். கடைசி நேரத்தில் இப்படிச் சொன்னால் ஆளுக்கு எங்கே போக என்று சத்தம்கூடப் போட்டிருக்கலாம், அதற்கு நயினார் தயாராக இருந்தார். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார், "நாளைக்கு நானும் லீவு சொல்லிருதேன், ரெண்டு பேருமா டாக்டர்ட்ட போவோம்," என்றார். அப்புறம் வாய் மூடிக்கொண்டது.